வணிகக் கோடரியும் அதை வாங்கியவர்களும்



1534ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் நாள். இன்றைய கனடாவின் கிழக்குக் கரையில் காஸ்பே என்ற இடம். பிரெஞ்சு மாலுமி ழாக் கார்த்தியே முப்பதடி உயரத்துக்கு ஒரு மரச்சிலுவையை நட்டு, அதில் பிரான்ஸ் மன்னர் வாழ்க என்று பொறித்து வைக்கிறார். சற்று நேரத்தில் ஒரு படகு வருகிறது. அதில் டொன்னகோனா என்ற தலைவர், அவருடைய பிள்ளைகள், தம்பி. கரடித்தோல் போர்த்தியிருக்கும் அந்தத் தலைவர் சிலுவையைக் காட்டி நீண்ட நேரம் பேசுகிறார். சுற்றியுள்ள நிலத்தையெல்லாம் கையால் காட்டுகிறார். இது எங்கள் மண், எங்களைக் கேட்காமல் இதை நட்டிருக்கிறீர்கள் என்பதுதான் அவர் சொன்னது என்று பிரெஞ்சுக்காரர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்.

அப்போது பிரெஞ்சுக்காரர்கள் ஒரு கோடரியை எடுத்துக் காட்டுகிறார்கள். உன் கரடித்தோலைக் கொடு, இதைத் தருகிறோம் என்பதுபோல் சைகை. தலைவர் தலையசைத்துப் படகை மெல்ல மெல்லக் கப்பலருகே கொண்டுவருகிறார். அருகில் வந்ததும் படகைப் பிடித்துக்கொள்கிறார்கள். அவருடைய பிள்ளைகள் இருவர் பிரான்சுக்குக் கொண்டுபோகப்படுகிறார்கள். திரும்பிப் போனவர்களுக்கு ஆளுக்கொரு கோடரியும் இரண்டு கத்திகளும் கிடைத்தன. இரண்டு ஆண்டுகள் கழித்து டொன்னகோனாவையே பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் தம் மண்ணை மறுபடி பார்க்கவில்லை. பிரான்சிலேயே இறந்தார்.

வட அமெரிக்காவில் ஐரோப்பியர் பண்டமாற்றுக்குக் கொண்டுபோன வணிகக் கோடரியைப் பற்றிப் பேச வந்த நான் இந்த நிகழ்ச்சியிலிருந்து தொடங்கக் காரணம் உண்டு. இந்தக் கோடரியின் கதையைப் பெரும்பாலும் இப்படித்தான் சொல்லி வந்திருக்கிறார்கள்: ஐரோப்பியர் இரும்பைக் காட்டினார்கள், அறியாத மக்கள் மயங்கினார்கள், மண்ணை இழந்தார்கள். வஞ்சகம் நடந்தது உண்மை, மண் பறிபோனதும் உண்மை. நடுவில் சொல்லப்படும் மயக்கம்தான் உண்மையில்லை. மூன்று நூற்றாண்டுகள் இந்தக் கோடரியை வாங்கிய மக்கள் அதைத் தட்டிப் பார்த்து, எடை பார்த்து, பிடிக்காததைத் திருப்பிக் கொடுத்து, தமக்கு வேண்டிய வடிவத்தில் அடிக்கச் சொல்லி வாங்கினார்கள். சிலர் வாங்காமலும் இருந்தார்கள். இதைத்தான் இன்று உங்களிடம் விரிவாகச் சொல்ல வந்தேன்.

முதலில் பொருளைப் பார்ப்போம். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் பிரெஞ்சு வணிகர்கள் கொண்டுபோன கோடரிகளில் கணிசமானவை பிரான்சில் செய்யப்பட்டவையே அல்ல. ஸ்பெயினின் வடகரையில் பாஸ்க் மக்கள் வாழும் பிஸ்காயா பகுதியில் அடிக்கப்பட்டவை. பில்பாவோ நகரை ஒட்டிய சோமோரோஸ்த்ரோ மலைகளில் நல்ல இரும்புத்தாது கிடைத்தது. ஆற்று நீரால் சக்கரம் சுற்றி, அந்த விசையில் துருத்தியும் சம்மட்டியும் இயங்கும் உலைக்கூடங்கள் பள்ளத்தாக்கு தோறும் இருந்தன. அதே பாஸ்க் மக்கள்தான் திமிங்கில வேட்டைக்காக லாப்ரடார் கரைக்குப் போய்வந்தவர்கள். 1565இல் அங்கே ரெட் பே துறையில் மூழ்கிய அவர்களுடைய கப்பலொன்றைக் கடலடித் தொல்லியலாளர்கள் கண்டெடுத்திருக்கிறார்கள். ஆகவே இரும்பும் கப்பலும் ஒரே வட்டாரத்திலிருந்து புறப்பட்டன.

செய்முறை இது. தட்டையான இரும்புப் பட்டை ஒன்றை உலையில் காய்ச்சி, நடுப்பகுதியை ஓர் உருளைக் கம்பியைச் சுற்றி வளைக்க வேண்டும். வளைந்த இடம் காம்பு நுழையும் துளையாகிறது. இரண்டு முனைகளும் ஒன்றன்மேல் ஒன்று படியும். அவற்றை வெண்மையாகச் சுடரும் சூட்டில் அடித்து ஒட்ட வேண்டும். சூடு குறைந்தால் ஒட்டாது, கூடினால் இரும்பு எரிந்துபோகும். பிறகு விளிம்பில் உருக்குத் துண்டு ஒன்றைச் செருகியோ மேலே வைத்தோ அடித்துச் சேர்ப்பார்கள். உடல் முழுவதும் மெல்லிரும்பு, வெட்டும் வாய் மட்டும் உருக்கு. நம் ஊர்ப் பட்டறையில் அரிவாளுக்கு உருக்கு வைத்துத் தோய்ச்சல் கொடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. காரணமும் ஒன்றுதான்: உருக்கு விலை அதிகம், அதோடு முழுக்க உருக்காக இருந்தால் அதிர்ச்சி தாங்காமல் உடையும்.

இப்படிச் செய்த கோடரிக்குப் பின்புறம் சம்மட்டிபோல் கனத்த பகுதி இல்லை. துளையைச் சுற்றி மெல்லிய வளையம் மட்டும் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் குடியேறிகள் பின்புறத்தில் கனம் சேர்த்து வேறொரு கோடரியை உருவாக்கினார்கள். பெருமரம் வீழ்த்த அது சிறந்தது. ஆனால் தோளில் சுமந்தும் தோணியில் ஏற்றியும் நூற்றுக்கணக்கான மைல் போகிறவருக்கு எடை குறைந்த பழைய வகைதான் வசதி. அதன் அலகில் வட்டத்துக்குள் சிலுவை அல்லது ஆரம்போன்ற முத்திரைகள் குத்தியிருக்கும். அவை பட்டறையின் அடையாளம். இரும்பை அடித்தவரின் அடையாளம் இப்படி அதிலேயே இருக்கிறது. வாங்கியவரின் அடையாளத்தைத்தான் நாம் தேட வேண்டியிருக்கிறது.

இதற்கு விலையாக வந்தது பீவர் என்னும் விலங்கின் தோல். ஆற்றில் அணை கட்டி வாழும் பெரிய கொறித்துண்ணி அது. அதன் அடிமயிரில் நுண்ணிய கொக்கிகள் உண்டு. அழுத்தினால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, மழைக்குத் தளராத கம்பளமாகும். ஐரோப்பியச் சீமான்களின் தொப்பிகள் அதில்தான் செய்யப்பட்டன. ஐரோப்பாவில் பீவர் ஏறக்குறைய அழிந்துவிட்டதால் வட அமெரிக்காவை நாடினார்கள். புதிய தோலைவிட, மக்கள் ஓரிரு குளிர்காலம் உடுத்தித் தேய்த்த பழைய தோலுக்குத்தான் தொப்பிக்காரர்கள் அதிக மதிப்புக் கொடுத்தார்கள். உடம்பில் பட்டுப் பட்டு மேல்மயிர் உதிர்ந்து, எண்ணெய் ஏறி, அடிமயிர் பக்குவமாக இருக்கும்.

வாங்கியவர் நிலையிலிருந்து எண்ணிப் பாருங்கள். உடுத்திக் கழித்த பழந்துணியைக் கொடுத்தால் ஒரு கோடரி தருகிறார்கள்! 1634இல் பால் லெ ஜூன் என்ற ஏசுசபைப் பாதிரியார், தாம் தங்கியிருந்த இன்னு மக்களில் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னதைப் பதிவு செய்திருக்கிறார். பீவர் எல்லாவற்றையும் செய்துவிடுகிறது, அண்டாவும் கோடரியும் கத்தியும் ரொட்டியும் அதுதான் உண்டாக்குகிறது என்றாராம் அவர். ஆங்கிலேயருக்குப் புத்தியில்லை, ஒரு தோலுக்கு இருபது கத்திகள் கொடுக்கிறார்கள் என்றும் சொன்னாராம். ஏமாந்தவர் பேச்சா இது? எதிரே நிற்பவனின் ஆசையை அளந்துவிட்டவர் பேச்சு.

கற்கோடரிக்கும் இரும்புக் கோடரிக்கும் உள்ள வேறுபாட்டை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஒண்டாரியோ ஏரிப்பகுதியில் வாழ்ந்த வென்டாட் மக்கள் மக்காச்சோளம் பயிரிட்டவர்கள். பிரெஞ்சுக்காரர்கள் அவர்களை ஹியூரான் என்றார்கள். நீண்ட பொதுவீடுகள் கட்டி, ஊரைச் சுற்றி மரவேலி எழுப்பி வாழ்ந்தவர்கள். ஓர் ஊருக்கு ஆயிரக்கணக்கில் கம்பங்கள் வேண்டும். மண்ணின் சத்தும் விறகும் தீர்ந்ததும் புதிய இடத்துக்குப் பெயர்ந்து மறுபடி காட்டைத் திருத்த வேண்டும். அவர்கள் கற்கோடரியால் மரத்தின் பட்டையைச் சுற்றி வெட்டி, அடியில் தீயிட்டு, நாள்கணக்கில் காத்திருந்து அந்தக் காட்டைத் திருத்தினார்கள். அத்தகைய மக்கள் இரும்புக் கோடரியை விரும்பியதற்கு மயக்கம் காரணமில்லை. தோளும் முதுகும் அறிந்த காரணம் அது.

இனி, வாங்கியவர்கள் குறை சொன்ன கதைக்கு வருகிறேன். 1670 மே 2இல் இரண்டாம் சார்லஸ் மன்னரின் சாசனத்தால் ஹட்சன் விரிகுடா கம்பெனி பிறந்தது. சென்னையில் கோட்டை கட்டிய கிழக்கிந்தியக் கம்பெனியைப் போலவே லண்டனில் பங்குதாரர், கடல்கடந்து கோட்டைகள், கோட்டைக்குள் கணக்குப்பிள்ளைகள். நல்ல பீவர் தோல் ஒன்றையே நாணயமாகக் கொண்டு எல்லாப் பொருளுக்கும் விலை குறித்தார்கள். கணக்குப் புத்தகமும் லண்டனுக்குக் கடிதமும் தவறாமல் எழுதினார்கள். அந்த ஒழுங்கு இன்று நமக்குப் பேருதவி செய்கிறது. ஏனென்றால், எழுதத் தெரியாதவர்கள் என்று அவர்கள் எண்ணிய மக்களின் குரல் அந்தக் கடிதங்களுக்குள்தான் பதிவாகியிருக்கிறது.

1728இல் யார்க் கோட்டையின் தலைவர் தாமஸ் மெக்லீஷ் லண்டனுக்கு எழுதிய கடிதத்தில் புலம்புகிறார். வெடிமருந்து, அண்டா, கோடரி மூன்றையும் பற்றி வந்தவர்கள் எல்லாரும் அந்தக் கோடையில் அவரைத் திட்டித் தீர்த்திருக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்களின் எல்லையை ஒட்டி வாழ்கிறவர்கள் இன்னும் கடுமையாகப் பேசினார்களாம். ஏன் அவர்கள் மட்டும் கூடுதலாக? அவர்கள் கையில் பிரெஞ்சுக் கோடரியும் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் அவர்கள். ஒரு கடையில் சரக்கு சரியில்லை என்றால் அடுத்த கடைக்குப் போவோம் என்ற பேரம், பனிக்காடுகளில் பல நூறு மைல் தோணி செலுத்தி வந்து நடந்திருக்கிறது. அந்த வடபகுதியின் கடுங்குளிரில் மட்டமான இரும்பு கண்ணாடிபோல் நொறுங்கும். நடுக்காட்டில் கோடரி உடைந்தால் விறகு இல்லை, விறகு இல்லையென்றால் உயிர் இல்லை. அந்தத் திட்டுக்குப் பின்னால் இருந்தது இதுதான்.

வடிவத்தையும் அவர்களே தீர்மானித்ததற்கு என் மனத்துக்கு நெருக்கமான சான்று மிசூரி ஆற்றங்கரையில் இருக்கிறது. அமெரிக்கப் பயணிகளான லூயிஸ், கிளார்க் இருவரின் பயணக்குழு 1804-05 குளிர்காலத்தை மாண்டன் மக்களின் ஊர்களுக்கு அருகில் கழித்தது. உணவுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. மாண்டன் மக்களிடம் சோளம் நிறைய இருந்தது, குழுவிடம் பண்டமாற்றுக்குச் சரக்குக் குறைவு. காப்பாற்றியது அவர்களுடைய கொல்லர் ஜான் ஷீல்ட்ஸின் உலை. மாண்டன் ஆண்கள் போர்க்கோடரி கேட்டார்கள், ஷீல்ட்ஸ் அடித்துக் கொடுத்தார், சோளம் வந்தது. எரிந்து பழுதான இரும்பு அடுப்பின் தகடுகூட வெட்டி விற்கப்பட்டது.

1805 பிப்ரவரி 5ஆம் நாள் குறிப்பில் லூயிஸ் அந்தக் கோடரியின் வடிவத்தைப் படத்தோடு விவரிக்கிறார். அலகு ஏழு முதல் ஒன்பது அங்குல நீளம், மிக மெல்லியது, காம்பு பதினான்கு அங்குலத்துக்கு மேல் அரிது, மொத்த எடை ஏறத்தாழ ஒரு பவுண்டு. அவருக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. போருக்கு உதவாத, வசதியற்ற வடிவம் என்கிறார். ஆனால் அடிக்கப்பட்டது அதே வடிவம்தான். லூயிஸின் கருத்துக்குச் சோளம் கிடைக்காது அல்லவா? குதிரைமேல் வேகமாகப் போகிறவர் ஒரு கையால் வீசுவதற்கும், ஊர்மன்றத்தில் ஏந்தி நிற்பதற்கும் ஏற்ற வடிவம் எது என்பதை அதை ஏந்துகிறவர் அறிவார். அடுத்த ஆண்டு, 1806இல், அதே பயணக்குழு திரும்பும் வழியில் ராக்கி மலைத்தொடருக்கு அப்பால் நெஸ் பெர்ஸ் மக்களிடையே தாங்கள் அந்தக் குளிர்காலம் தங்கிய மாண்டன் கோட்டையில் அடித்த கோடரிகளைக் கண்டது. செய்தவர்கள் திரும்பி வருவதற்குள் செய்த பொருள் மலை தாண்டிவிட்டது. அதைக் கொண்டுபோனது எந்த ஐரோப்பியக் கம்பெனியும் அல்ல. கம்பெனிகள் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே அந்தக் கண்டத்தில் ஓடிக்கொண்டிருந்த வணிகப் பாதைகள்.

வாங்காதவர்களைப் பற்றி இப்போது சொல்கிறேன். டொராண்டோ நகருக்கு வடகிழக்கே ஒரு புதிய குடியிருப்புக்காக நிலம் எடுத்தபோது, 2003 முதல் 2005 வரை அகழாய்வு நடந்தது. தொண்ணூறுக்கும் மேற்பட்ட பொதுவீடுகள் கொண்ட வென்டாட் மூதாதையரின் பேரூர் ஒன்று வெளிப்பட்டது. முதலில் மாண்டில் என்ற பெயரால் அறியப்பட்ட அந்த இடத்துக்கு, பின்னர் இரண்டாம் உலகப்போரில் பங்கேற்ற வென்டாட் வீரர் ழான் பாப்திஸ்த் லெனேயின் பெயர் சூட்டப்பட்டது. ஒரு வீட்டுக்குள் வேண்டுமென்றே புதைக்கப்பட்ட நிலையில் ஓர் இரும்புத் துண்டு கிடைத்தது. ஊடுகதிர்ப்படம் எடுத்ததும் பாஸ்க் பட்டறையின் முத்திரை தெரிந்தது. கோடரியின் உடைந்த பகுதி.

அந்த ஊரில் ஐரோப்பியப் பொருள்கள் மிகமிகக் குறைவு. அதனால் ஊரின் காலம் ஏறத்தாழ 1500க்கும் 1530க்கும் இடைப்பட்டது என்று கணித்தார்கள். உலோகப் பொருள் குறைவாக இருந்தால் பழைய ஊர், கூடுதலாக இருந்தால் பிந்தைய ஊர் என்பது அப்போது ஆய்வாளர்கள் கையாண்ட அளவுகோல். கார்த்தியே வருவதற்கு முன்பே இரும்பு இவ்வளவு உள்நாட்டுக்கு வந்துவிட்டதே என்று வியப்பும் ஏற்பட்டது. 2018இல் வெளிவந்த புதிய கரிமக் காலக்கணிப்பு அந்த முடிவைப் புரட்டிப்போட்டது. அந்த ஊர் 1600ஐ ஒட்டிய ஆண்டுகளைச் சேர்ந்ததாம். ஏறக்குறைய எழுபது, எண்பது ஆண்டு வேறுபாடு!

இதன் பொருளை நிதானமாக எண்ணிப் பாருங்கள். அதே காலத்தில் பக்கத்து வட்டாரங்களில் ஐரோப்பியப் பொருள்கள் புழங்கிக்கொண்டிருந்தன. இந்தப் பேரூரில் அவை இல்லையென்றே சொல்லலாம். கைக்கு எட்டவில்லையா, வழியில் இருந்தவர்கள் தடுத்தார்களா, தாங்களே வேண்டாம் என்றார்களா என்பது ஆராய வேண்டியது. ஆனால் எல்லாரும் இரும்பைக் கண்டதும் ஓடினார்கள் என்ற பழைய எண்ணம் இங்கே தகர்கிறது. அந்த எண்ணத்தை அளவுகோலாக வைத்ததால்தான் ஓர் ஊரின் வயதே இரண்டு மூன்று தலைமுறை பிழையானது. வாங்கியவரின் விருப்பத்தைக் கணக்கில் எடுக்காத வரலாறு எவ்வளவு தவறிப்போகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை.

விருப்பத்தோடு வாங்கினார்கள் என்பதால் அவர்கள் பட்ட துயரம் குறைந்துவிடாது. தோல் வந்த வழியே அம்மையும் வந்தது. 1634க்கும் 1640க்கும் இடையில் அடுத்தடுத்து வந்த கொள்ளைநோய்களில் வென்டாட் மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் மாண்டார்கள். பீவர் குறையக் குறைய வேட்டைக்காட்டுக்கான போர் மூண்டது. வென்டாட் மக்களின் பகைவரான ஹாடெனோசானி கூட்டமைப்பினர் டச்சு வணிகரிடம் துப்பாக்கி பெற்றிருந்தார்கள். 1649 மார்ச்சில் அவர்கள் வென்டாட் ஊர்களைத் தாக்கியபோது பாதிரியார் ழான் தெ பிரெபெஃப் பிடிபட்டார். பழுக்கக் காய்ச்சிய கோடரிகளை மாலையாகக் கோத்து அவர் கழுத்தில் போட்டார்கள் என்று உடலைப் பார்த்தவர் எழுதியிருக்கிறார். அவை பண்டமாற்றில் வந்த கோடரிகளேதாம். அந்த ஆண்டே வென்டாட் மக்கள் தம் ஊர்களைத் தாமே கொளுத்திவிட்டுக் கலைந்து போனார்கள். நாடு காலியானது. இரும்பு மண்ணுக்குள் தங்கியது.

இரண்டு நூற்றாண்டு கழித்து அங்கே குடியேறிய உழவர்களின் ஏரில் அந்தக் கோடரிகள் மாட்டின. பழைய இரும்பாகக் கொல்லரிடம் போனவை பல. பிறகு சேகரிப்பாளர்கள் வந்தார்கள். இன்று ஏலங்களில் இவை நல்ல விலைக்குப் போகின்றன. விலை இருந்தால் போலியும் இருக்கும். ஓட்டுப்பலகை வேயும் சாதாரணக் கைக்கோடரிகளைச் செவ்விந்தியர் போர்க்கோடரி என்று விற்கிறார்கள். புதிதாக அடித்து, அமிலத்தில் நனைத்து, துருவேற்றித் தருகிறவர்களும் உண்டு. ஒட்டின் கோடு துளையிலிருந்து அலகுக்கு ஓடுகிறதா, துருவில் மெல்லிரும்பின் நார்நாரான வரிகள் தெரிகின்றனவா, உருக்கு வாய் வேறு நிறத்தில் பிரிந்து நிற்கிறதா என்று பார்த்து ஓரளவு உண்மையை அறியலாம்.

ஆனால் உண்மையான கோடரியாகவே இருந்தாலும், எங்கே கிடந்தது என்ற குறிப்பு இல்லாமல் தோண்டி எடுத்தால் அது சொல்லக்கூடியது எல்லாம் போய்விடும். மாண்டில் ஊரின் துண்டை எண்ணிப் பாருங்கள். ஏலக்கடையில் அதற்கு விலையே இருந்திருக்காது, உடைந்த இரும்பு. வீட்டுக்குள், வேண்டுமென்றே, அவ்வளவு பெரிய ஊரில் ஏறக்குறைய தனியாகக் கிடந்தது என்ற மூன்று செய்திகள்தான் அதை ஆராயத்தக்க பொருளாக்கின. உரிமம் இல்லாமல் தொல்லியல் இடங்களைத் தோண்டுவதை ஒண்டாரியோ சட்டம் தடுப்பது இதனால்தான்.

அந்த மக்கள் அழிந்துவிடவில்லை. கியூபெக் நகரை ஒட்டிய வென்டாகேயில் வென்டாட் சமூகம் வாழ்கிறது. மேற்கே போனவர்களின் வழித்தோன்றல்கள் ஓக்லஹாமாவில் இருக்கிறார்கள். தம் மூதாதையரின் எலும்புகளை அருங்காட்சியகத்திலிருந்து மீட்டு 1999இல் ஒசொசானே என்ற இடத்தில் மறுபடி அடக்கம் செய்தார்கள். ஆகவே ஒரு வணிகக் கோடரியைப் பற்றிக் கேட்க வேண்டிய ஆட்கள் இன்றும் இருக்கிறார்கள்.

மாணவ நண்பர்களே, உங்களில் சிலர் நாளை அருங்காட்சியகங்களில் பணிபுரிவீர்கள். கண்ணாடிப் பேழைக்கு முன்னால் வைக்கும் சிறு அட்டையை நீங்கள்தான் எழுதுவீர்கள். பாஸ்க் நாடு, 17ஆம் நூற்றாண்டு, இரும்பு என்று எழுதி நிறுத்திவிடாதீர்கள். யார் வாங்கினார், எதைக் கொடுத்து வாங்கினார், எந்த ஊர் மண்ணில் எந்த நிலையில் கிடைத்தது என்பதையும் எழுதுங்கள். அதற்குச் சான்று இல்லையென்றால், யாரோ அதை இடம் குறிக்காமல் தோண்டி எடுத்துவிட்டார்கள் என்பதை அந்த அட்டையிலேயே வெளிப்படையாகச் சொல்லுங்கள். பார்க்க வருகிறவர்களுக்கு அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு.